கிழட்டு மேதையும் சோடாக் கடையும்

ஊமைப்படக் கொட்டகையில் பியானோ வாசிப்பவனின் முதுகைத்தான் ஊர் பார்க்கும். அவனோ திரையை அண்ணாந்து பார்த்தே கழுத்துச் சுளுக்கிக் கிடப்பான். முதுகைக் காட்டிப் பிழைத்த சகபாடிகளே, சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

ரீல் மாற்றும் நேரம்

எனக்குப் பியானோ கற்றுத்தந்த மிஷன் அம்மையார், சீமைக்குக் கப்பலேறும்போது ஒரு இசைப் புத்தகம் கொடுத்தார். ஜெர்மானிய மேதை ஒருவர் தள்ளாத வயதில் பியானோவுக்கென்று எழுதிய சின்னச் சின்ன உருப்படிகள். அவருடைய பெரிய வாத்தியக் கோஷ்டி இசைக்கு மாலை போடுகிறவர்கள்கூட இவற்றைச் சீந்துவதில்லை என்று அம்மையார் வருத்தப்பட்டார். சேலத்தைச் சீந்தவைக்கிறேன் என்று நான் கிளம்பினேன்.

எங்கள் கொட்டகையில் ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த இடைவெளிக்கு இந்த உருப்படிகள் அளவெடுத்தாற்போல் இருந்தன. தினமும் வாசித்தேன். ஜனங்களும் அந்த இசை காதில் விழுந்ததுமே எழுந்து சோடா குடிக்கப் போகப் பழகிவிட்டார்கள்.

ஒருநாள் துணிந்து, கதாநாயகி உயிரை விடும் கட்டத்தில் அதில் ஒன்றை வாசித்தேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டகை பாதி காலி. முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். "சாவற பொம்பளைய அம்போன்னு உட்டுப்போட்டு அத்தன சனமும் சோடாக் கடையில நிக்குதுங்க. இன்னொருக்கா படத்துக்கு நடுவால இத வாசிச்சீங்கன்னா, உங்க எடத்துல ஆர்மோனியக்காரர் உக்காருவாருங்க."

மலையிலிருந்து வந்த ரசிகர்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் ஒருநாள் படம் பார்க்க வந்தார். ரீல் மாற்றும்போது அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்பாடா, விஷயம் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டம் விட்டதும் என்னிடம் வந்து கைகுலுக்கி, இங்கிலீஷில் சொன்னார்: "இந்திய சங்கீதம் இவ்வளவு சோகமானது என்று எனக்கு இதுவரை தெரியாது."

ஆட்டு வியாபாரியின் கேள்வி

மேச்சேரி ஆட்டு வியாபாரி ஒருவர், சந்தைக்கு வரும்போதெல்லாம் கொட்டகைக்கும் வருவார். எல்லோரும் சோடாவுக்கு ஓடினாலும் அவர் மட்டும் பெஞ்சை விட்டு அசையமாட்டார். காலில் ஏதோ கோளாறு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் பியானோவருகே வந்து, யார் இட்டுக்கட்டியது என்று விசாரித்தார். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், செத்துப்போய்விட்டார் என்றேன். அந்த மேதை கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்று அம்மையார் சொல்லியிருந்ததை நான் இவரிடம் மூச்சுக்கூட விடவில்லை. அவர் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. "ஏனுங்க, அந்த மனுசனுக்கு ஊட்டுல பேச்சுத்தொணைக்கு ஆரும் இல்லீங்களா?"

கடைசி ஆட்டம்

பேசும்படம் வந்தது. இனிப் படமே பாடிக்கொள்ளும், நீங்கள் நின்றுகொள்ளலாம் என்றார் முதலாளி. போகிற வேலைதானே என்று, கடைசி ஆட்டத்தில் கதாநாயகி சாகும்போது அதே உருப்படியை மறுபடி வாசித்தேன். வழக்கம்போல் கொட்டகை எழுந்து போயிற்று. மேச்சேரிக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருக்காக ஒரு சுரம் விடாமல் முழுக்க வாசித்து முடித்தேன்.

வெளியே வந்தால், சோடாக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உண்மையிலேயே துக்கப்பட்டார். "இனிமே படம் பேசிக்கிட்டே கெடந்தா சனம் எப்புடீங்க எந்திரிச்சு வரும்? உங்க பாட்டுக்கு ஈடு உண்டுங்களா?"

மேதையின் கடைசிக் காலப் படைப்புகளுக்குச் சேலத்தில் ஒரு ஆட்டு வியாபாரியும் ஒரு சோடாக்காரருமாக ஆதரவாளர்கள் இரண்டு பேர். அவருடைய சொந்த ஊரில் அத்தனை பேர் தேறுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.