இடப்பக்கம் திரும்ப வேண்டிய கோடு

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை வந்தவள், திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். இடுப்பில் குழந்தை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோக்காரர் முகம் சுளிக்கிறார். பேறுகால விடுப்பு முடிந்துவிட்டது. குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் மறுபடி பறக்கப் போக வேண்டும். பூட்டைத் தொட்டாலே எனக்குக் கேப்டனின் குரல்தான் கேட்கும்.

நான் துணை விமானியாகச் சேர்ந்த புதிதில் அடிக்கடி அவரோடுதான் பறந்தேன். அவருக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. மற்றவர்களிடம் ஆங்கிலம், என்னிடம் மட்டும் ஊர்ப் பேச்சு. எதையும் நான் இரண்டு முறை சரிபார்ப்பது அவருக்கு வேடிக்கை. "வூட்டப் பூட்டிட்டு பஸ் ஏறி, தியாகதுருகத்துல எறங்கி, பூட்ட இழுத்துப் பாக்க திரும்பி ஓடுவாங்களே, அந்த ரகம்மா நீ" என்பார்.

அன்று வானம் முழுக்க மழைமேகம். காலையிலேயே நான் இரண்டு முறை சந்தேகம் கிளப்பி, இரண்டும் வீண் என்றாகியிருந்தது. ஓடுபாதையை நோக்கிப் போகும்போது காற்றின் திசை மாறியதால் வேறு ஓடுபாதையில் கிளம்பச் சொன்னார்கள். அப்படி மாறினால், வழிகாட்டும் கணினியில் அதற்குரிய புறப்பாட்டு வழியையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். விமானத்தை நிறுத்திவிட்டுக் கேப்டனே அதைக் கணினியில் தட்டினார். எட்டிப் பார்த்தேன். ஓடுபாதை எண் சரி.

கிளம்ப அனுமதி வந்த பிறகுதான் திரையில் நாங்கள் போகும் வழியைக் காட்டும் கோட்டைக் கவனித்தேன். மேலேறியதும் வலப்பக்கம் வளைந்தது. கோபுரம் சொன்னது இடப்பக்கம். திருப்பிச் சொன்னவளும் நான்தான். இடப்பக்கம் என்றுதான் சொன்னேனா? மூன்றாவது சந்தேகமும் வீணானால் இனி என் சொல்லை யார் மதிப்பார்கள்? பேசாமல் இருந்தால், மேகத்துக்குள் வலப்பக்கத்தில் எதிரே யார் வருவார்களோ. முதுகுக்குப் பின்னால் அத்தனை பயணிகள். என்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடியில் அவர் கை இருந்தது.

"கேப்டன், வேணாங்க. நமக்கு லெஃப்ட்டு."

"மறுபடியுமா?" என்றவர் திரையைப் பார்த்தார். கை பின்னுக்கு வந்தது. ஏறக்குறைய ஒரே பெயருள்ள இரண்டு வழிகளில் மற்றதைத் தேர்ந்திருந்தார். கோபுரத்திடம் சொல்லி ஓடுபாதையை விட்டு விலகினோம். மறுபடி தட்டி, நான் உரக்க வாசிக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைக்க, அதன் பிறகுதான் கிளம்பினோம்.

தரையிறங்கி, விமான ஊழியர்களுக்கான வேனில் ஏறும்போதுதான் சொன்னார்: "நீ இழுத்துப் பாத்த பூட்டு தெறந்துதாம்மா கெடந்துச்சி."

அதைப் பாராட்டு என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அன்றிலிருந்து எந்தச் சந்தேகத்தையும் என்னால் தள்ள முடியவில்லை. இப்போதும் குழந்தையின் நெற்றியைக் கையால் தொட்டால் சுடுகிறது, என் கன்னத்தை வைத்தால் சுடவில்லை. இதற்குப் பார்த்துச் சொல்ல ஒரு திரை இல்லை.

"வரீங்களா இல்லியாக்கா?" என்கிறார் ஆட்டோக்காரர்.

பூட்டை இன்னொரு முறை இழுக்கிறேன். பூட்டித்தான் இருக்கிறது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, குழந்தையின் நெற்றியைத் தொடுகிறேன்.