தகட்டின் மேல் சந்தனம்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு சோவியத் நாட்டிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் வந்தது. அதைப் பொருத்த வந்தவரை நாங்கள் எல்லோரும் ரஷ்யாக்காரர் என்றே கூப்பிட்டோம். அவருக்கு முகம் சிவந்துவிடும். "நோ ரஷ்யா! லித்துவேனியா!" என்பார். மெஷினும் அங்கே செய்ததுதானாம். சோவியத்துக்குள் அப்படியொரு நாடு மாட்டிக்கொண்டு கிடப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கச் சொல்லி அவரிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். மனிதர் கை நிறைய அள்ளி, 'மேட் இன் யுஎஸ்எஸ்ஆர்' என்றிருந்த தகட்டின் மேல் ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி அப்பினார். நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த நொடியிலிருந்து நான் அவர் கட்சி. அதற்கு மேல் அரசியல் எனக்குத் தெரியாது.

சில வருடம் கழித்து, லித்துவேனியா பிரிந்துவிட்டதென்று பேப்பரில் படித்த காலையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தனமும் ஒரு கிலோ லட்டுமாக ஷிஃப்டுக்குப் போய், தகட்டில் மறுபடி அப்பினேன்.

"என்னய்யா, இன்னிக்கு என்ன பூஜை?" என்றார் சூப்பர்வைசர்.

"மெஷினோட ஊருக்கு விடுதலை கெடச்சிருச்சு சார்!"

லட்டை வாயில் போட்டவர் மெல்வதை நிறுத்தினார். "அப்ப ஸ்பேர் பார்ட்ஸ இனிமே யாருகிட்டய்யா கேக்கறது?"

"அவருகிட்டயேதான் சார். ரஷ்யாக்காரரேன்னு மட்டும் கூப்பிட்டுராதீங்க."