வலது கால் மேல வர மாட்டீங்குது

எனக்கு அறுவத்தெட்டு வயசுங்க. கால்ல சக்கரம் மாட்டிக்கிட்டு, அந்தரத்துல அரைச்சுத்து திரும்பி ஒத்தக்காலுல எறங்கப் பழகுனேன்னு சொன்னா எங்க வீதியில சிரிப்பாங்க. பழகுனேன்னு சொல்றதே தப்புங்க. ஒன்றரை வருசம் விழுந்தேன்.

அருள்புரத்துல ஒரு தகரச் செட்டு இருக்குது. முன்னால பனியன் துணி நெய்யற நிட்டிங் மிஷின் ஓடுனது. இப்ப அதையெல்லாம் எடுத்துட்டு, தரைய வழவழன்னு பூசி ஸ்கேட்டிங் சொல்லித் தர்றாங்க. பேத்திய உட்டுட்டு வரப் போனேன். அவ ரெண்டே மாசத்துல டான்ஸ் கிளாஸ் போறேன்னு போயிட்டா. நாந்தான் நின்னுட்டேன். ஞாயித்துக்கிழம காலையில பெரியவங்களுக்குன்னு ஒரு கிளாஸ் நடக்குது. நடந்தா என்ற முட்டி வலிக்கும், உருண்டா வலிக்கலீங்க. அதுவே போதும்னுதான் மொதல்ல இருந்தேன்.

அங்க வேஸ்ட் துணி யாபாரம் பண்ற பாய் ஒருத்தரு வருவாரு. என்னைய விட பதினஞ்சு வயசு எளையவரு, நல்ல தொப்பை. அந்த மனுசன் ஒரு நாள் குதிச்சாருங்க. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவால எதிர்ச் செவுரு தெரிஞ்சுது. ஒரு சாண் கூட இருக்காது. எனக்கு அது வேணும்னு ஆயிப்போச்சு. வேற எதுக்கும் நான் அப்பிடி ஆசப்பட்டதில்லீங்க. கல்யாணத்துக்குக் கூட அப்பா எடம் பாத்துட்டு வந்தாரு, செரின்னேன். ஊட்டுக்காரி இருந்த வரைக்கும் அதச் சொல்லியே என்னையத் திட்டுவா.

குதிக்கறது இப்பிடிங்க. இடது காலுல முன்னால ஓடிக்கிட்டே வந்து எவ்வி எந்திரிக்கோணும். மேல திரும்பிக்கோணும். வலது காலுல பின்னுக்கு உருண்டு எறங்கோணும். ஷூ மூக்குல ஒரு ரப்பர் கட்டை இருக்கும், அதுதான் பிரேக்கு. நான் எறங்கறப்பவெல்லாம் அந்தக் கட்டை தரையக் கடிச்சுரும். மல்லாக்க விழுவேன்.

"அண்ணா, இன்னைக்கு எத்தன டஜனுங்க முடிஞ்சுது?"ம்பாரு பாய், நான் விழுந்த கணக்க.

"சும்மா இருங்க பாய், ஆர்டர் இன்னும் பாக்கி கெடக்குது"ம்பேன். சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். மொத ஆறு மாசம் சிரிச்சேன்.

சொல்லித் தர்ற அம்மிணி தூத்துக்குடிப் பக்கம். கிளாஸ் முடிஞ்சதும் நேரா சர்ச்சுக்கு ஓடும். ஒரு நாள் என்ற வலது காலையே குனிஞ்சு பாத்துட்டு நின்னுச்சு.

"ஐயா, என்னத்துக்கு அமுக்குதீய? எறங்கும்போது காலு மெத்துன்னு இருக்கணும்லா. நீங்க எதையோ மிதிக்கீய."

"நான் மிதிக்கலீங்க அம்மிணி."

"என்ன வேல பாத்தீய ஐயா?"

"பனியன் கம்பெனியில ஓவர்லாக்குத் தையலுங்க. நாப்பத்திமூணு வருசம்."

சொன்னதுமே எனக்கு வெளங்கிருச்சு. எங்க ஊரு குண்டடத்துல இருந்து இங்க வந்தப்ப எனக்குப் பள்ளிக்கூடம் போற வயசு, போகல. மிஷின்ல உக்கார வெச்சாங்க. பீஸ் வேலைங்க, தெச்ச உருப்படிக்குத்தான் காசு. வலது கால் மிதிச்சா ஓடும், எடுத்தா நின்னுரும். நான் எடுக்கவே மாட்டேன். டீ வந்தாக் கூட ஒரு கையில டம்ளரு, கால் மிதிமேல. பயமோ அவசரமோ வந்தா அந்தக் கால் அமுக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

பாய்தான் ரோசனை சொன்னாரு. "வலது கால் கெட்டுப்போச்சுன்னா இடது காலுல எறங்குங்கண்ணா. எல்லாத்தையும் திருப்பிப் போட்டுக்கலாம்."

அந்த வாரம் தூக்கமே இல்லீங்க சந்தோசத்துல. அடுத்த ஞாயித்துக்கிழம திருப்பிப் போட்டு ஓடுனேன். இப்ப வலது காலுலதான் எந்திரிக்கோணும். அமுக்குச்சு. நல்லா அமுக்குச்சு. ஆனா தரைய விட்டு மேல வரலீங்க. இடது கால் காத்துல போயிட்டுது, ஒடம்பு திரும்பிட்டுது, அது மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது. கையூனி விழுந்தேன். மணிக்கட்டுல மாவுக்கட்டு.

அன்னைக்கு மக சொல்லிப்போட்டா. "ஏனுங்கப்பா, உங்களத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட என்னால முடியாதுங்க. பொங்கலுக்குள்ள ஒரே ஒரு தடவ விழாம எறங்கிக் காட்டுங்க. இல்லீன்னா ஷூவ ஆருக்காச்சும் குடுத்தர்றோணும்."

செரின்னேன். கட்டுப் பிரிச்சதும் ஊட்டுக்குள்ளயே பழகுனேன். வெறுங்காலுல நின்னு, செவுத்தப் புடிச்சுக்கிட்டு, வலது காலத் தூக்கி எறக்கி, தூக்கி எறக்கி. வெறுங்காலா இருந்தா அது சொன்ன பேச்சுக் கேக்குதுங்க. சக்கரத்தப் போட்டாக் கேக்கறதில்ல.

போகிக்கு முந்துன ஞாயித்துக்கிழம மக வந்தா. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா. பாய் அன்னைக்கு ஒரு வார்த்த கிண்டல் பண்ணல. அதுலயே எனக்குப் பாதி பயம் வந்துருச்சு. பழைய மாதிரியே, இடதுல எந்திரிச்சு வலதுல எறங்கறதுன்னு முடிவு பண்ணி ஓடுனேன். எந்திரிச்சுட்டேங்க. மேல இருந்தப்ப ஒரு சத்தமும் கேக்கல. எறங்குனேன். அமுக்கிட்டேன்.

படுத்துக்கிட்டே கூரைத் தகரத்தப் பாத்துட்டு இருந்தேன். அம்மிணி ஓடி வந்து, "ஐயா, தலையில அடி பட்டுச்சா?"ன்னுச்சு. இல்லீங்கன்னேன். மக வந்து தூக்கி உக்கார வெச்சா. திட்டுவான்னு நெனச்சேன்.

"பரவால்லீங்கப்பா. இன்னொரு மாசம் பாருங்க"ன்னா.

அந்த மொகத்த நான் பாத்துட்டேங்க. பால் கெடைக்காத கொழந்தையப் பாக்கற மாதிரி பாத்தா. முடியும்னு அவ சொல்லல. நான் அழுதுருவேன்னு பயந்து சொல்றா.

"வேண்டாங் கண்ணு. கழட்டி உடு"ன்னேன்.

லேஸை அவதான் அவுத்தா. பனியன் கம்பெனியில செக்கிங் வேல பாக்கற ஒரு புள்ள புதுசாச் சேந்துருந்துச்சு, அதுக்கு சைஸ் செரியா இருந்துச்சு. போட்டுப் பாத்துட்டு, "ரொம்ப நன்றிங்க"ன்னு கையெடுத்துக் கும்புட்டுது. நல்லாப் போடு சாமின்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

இப்ப ஞாயித்துக்கிழமன்னா ஒம்போது மணி வரைக்கும் படுத்திருக்கறனுங்க. தூங்கறதில்ல. அப்பா நல்லா ஓய்வு எடுக்கறாருன்னு மக எல்லாத்துக்கிட்டயும் சொல்றா.