வெள்ளைக்கல் பொறுக்கிய பகல்

என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட் வந்துவிட்டால் பகலில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளைகள் ஆகாது. தங்கச் சுரங்கக் கம்பெனி லைன் வீட்டு வரிசையில் கொடுத்த ஒற்றை அறை, மூங்கில் தட்டிச் சுவர். ஒருவர் இருமினால் இன்னொருவர் விழிப்பார். அவர் தூங்க வேண்டும் என்று, சோற்றைக் கட்டிக்கொண்டு மகளையும் மகனையும் காட்டுப் பக்கம் கூட்டிப்போய்விடுவேன். எனக்கும் ஓரிடத்தில் கால் தரிக்காது.

சாம்பியன் ரீப்ஸ் ரயிலடியைத் தாண்டி மண்மேட்டைச் சுற்றி இறங்கினால் ஆவாரஞ்செடிகள். மில்லில் கல் இடிக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் தேயத் தேய, அது விட்ட இடத்தில் கௌதாரியின் குரல் வந்து உட்காரும். அங்கே வந்ததும் பிள்ளைகள் என் கையை விட்டுவிடுவார்கள்.

ஒரு நாள் அப்படிக் கையை விட்ட பிறகுதான் அவனைப் பார்த்தேன். கம்பளி போர்த்திய ஆள், கையில் கோல். நாங்கள் நின்றால் நின்றான், நடந்தால் நடந்தான். நான் திரும்பியபோது வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை.

"யம்மா, அந்தாளு நம்மளியே பாக்கறான்," என்றாள் மகள்.

"பாத்தா பாக்கட்டும். நீ நட."

சொல்லிவிட்டு மகனைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். கம்பெனிக்கு உளவு சொல்ல ஆட்கள் திரிகிறார்கள் என்று லைன் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு காற்றில்லாமல் அசைந்த புதரையும் நான் நம்பவில்லை. எங்கள் நிழலே யாரோ பின்னால் அனுப்பியது போலிருந்தது.

அப்போதுதான் மகளின் பாவாடை மடி தொங்குவதைக் கண்டேன். உள்ளே வெள்ளைக் கற்கள். ஒன்றில் மஞ்சளாய் ஏதோ மினுக்கியது.

அப்படி ஒரு கல் அடுப்படியில் கிடந்ததற்காகத்தான், சுரங்கத்தில் திருடியதென்று பக்கத்து அறைக்காரருக்கு வேலை போயிற்று, அன்றைக்கே அறையும் போயிற்று. காட்டில் பொறுக்கியது என்று அவர் கதறியதை யார் கேட்டார்கள்?

"கீழ போடுடி!"

"இன்னாத்துக்கு? எவ்ளோ அழகா கீது பாரு!"

"அந்த அழகு உங்கப்பன் வேலைக்கு ஒல வைக்கும். போடு!"

அதற்குள் அவன் எங்கள் முன்னால் வந்து கோலை ஊன்றினான். "மடியில இன்னா? காட்டு."

நான் வாயெடுக்குமுன் பிள்ளைகள் இரண்டும் கைகளை மேலே தூக்கி, வாயை ஆவென்று திறந்து, நாக்கை மடித்து நின்றன. சுரங்கக் குழியான ஷாஃப்டிலிருந்து ஏறி வருகிறவர்களைத் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று வாசலில் அப்படித்தான் சோதிப்பார்கள். லைன் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. மடி நழுவி, கற்கள் பொலபொலவென்று கொட்டின.

அவன் ஓரடி பின்வாங்கினான். "ஏம்மா, புள்ளைங்களுக்கு இன்னா ஆச்சு? பேய் புடிச்சிதா?"

கம்பெனி ஆளுக்கு இது தெரியாமலிருக்குமா? "நீ கம்பெனி அனுப்புன ஆள் இல்லியா?" என்றேன்.

"நானா? நீங்கதான கம்பெனி! மொதல்ல கல்லு பொறுக்குவாங்க. அப்பால நெலத்த அளந்து மொளக்குச்சி அடிப்பாங்க. எங்கண்ணன் நெலம் அப்டித்தான் போச்சி. என்னுது அதோ, அது ஒண்ணுதான் மிச்சம்." கீழே சரிவில் கதிர் விட்டிருந்த கேழ்வரகுக் கொல்லையைக் கோலால் காட்டினான்.

"பொம்பளையும் புள்ளையுமாவா அனுப்புவாங்க?"

"சந்தேகம் வரக்கூடாதுன்னு அனுப்புவாங்க."

கற்களை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னான். அவனைவிட எனக்குத்தான் அதில் அவசரம். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாய்ப் பாறை இடுக்கில் செருகினாள். மகனின் அரைஞாணில் செருகியிருந்த கல் துண்டையும் அந்த ஆளே கண்டுபிடித்து வாங்கிக்கொண்டான்.

நாங்கள் மண்மேட்டைத் தாண்டும்வரை கொல்லை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கேழ்வரகு அவனுடையதுதான் என்பதற்கு அவன் வாய்ச்சொல்லைத் தவிர என்ன சாட்சி? அந்த மஞ்சள் மினுக்குக் கல்லை எந்த இடுக்கில் வைத்தோம் என்றும் இப்போது அவனுக்குத் தெரியும்.

லைனுக்குள் நுழையுமுன் மகளின் பாவாடையை உதறினேன். மண்தான் விழுந்தது. அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த பகலில் பிள்ளைகளை வேறு திசையில் கூட்டிப்போனேன்.