மேட்ரன் எங்க நிக்கிறாங்க?

லூர்துராணிக்கு ஐம்பத்தாறாவது வயதில் டியூஷன் வைத்தார்கள். கணவர் தைரியராஜிடம் அவள் அப்படித்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தில் இருந்த வார்த்தை வேறு: 'தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கான கோச்சிங், ஆறு அமர்வுகள்.'

தில்லைநகரில் இருநூறு படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி அது. பதினெட்டு வருஷமாக அங்கே நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அவள்தான். எல்லோருக்கும் மேட்ரன். ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது கிளை திறக்கப் போகிறார்கள், இரண்டுக்கும் சேர்த்து நர்சிங் தலைமைக்கு ஒருவர் வேண்டும். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். நிர்வாக இயக்குநர் டாக்டர் அழகர்சாமி மட்டும் இழுத்தடித்தார்.

"ஒரே மாசத்துல ஐ.சி.யூ-ல நாலு பேர் வேலையை விட்டுட்டாங்க மேடம். போர்டுல கேக்குறாங்க. இந்தக் கோச்சிங்கை முடிச்சிடுங்க, அப்புறம் பேசுவோம்."

"வேலை தெரியாதவங்கதான் போனாங்க டாக்டர். நல்லதுதானே?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

லூர்துராணி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், அவள் இருந்த வார்டில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் படுத்திருந்தன. ஒன்றுக்குப் போட வேண்டிய ஊசி இன்னொன்றுக்குப் போனது. போட்ட நர்ஸ் பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் குழந்தை இறந்துவிட்டது. தன் கையில் ஒரு வார்டு வந்தால் அங்கே தப்பு என்பதே நடக்கக் கூடாது என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். வார்டு கைக்கு வந்தபோது, அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. தப்பு செய்தவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்து, பக்கத்தில் நிற்பவளுக்கும் குலை நடுங்கும்படி திட்டுவது. நோயாளியின் சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டு நின்றாலும் சரி, குரல் இறங்காது.

கோச்சாக வந்தவள் பெயர் மஹ்ஜபீன். பாலக்கரைக்காரி, நாற்பத்து மூன்று வயது. ரியாத்தில் பதினான்கு வருஷம் ஐ.சி.யூ நர்ஸாகவும் நர்சிங் மேனேஜராகவும் இருந்துவிட்டுத் திரும்பியவள். இப்போது ஆஸ்பத்திரி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதே அவள் தொழில்.

முதல் அமர்வில் மஹ்ஜபீன் கேட்டாள்: "உங்க வேலையில உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கிறது எது மேடம்?"

"இப்ப இந்த ஒரு மணி நேரம்தான்."

"எனக்கும் சுலபமா இல்ல. இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு." மஹ்ஜபீன் சிரிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஐம்பது நிமிஷமும் இரண்டு பேரும் பேசவில்லை.

இரண்டாவது அமர்வில் ஒரு தாளை நீட்டினாள். "உங்க கூட வேலை பாக்குற பன்னெண்டு பேர்கிட்ட பேசப் போறேன். யார் என்ன சொன்னாங்கன்னு வெளியே வராது. லிஸ்ட்டைப் பார்த்துட்டு சரின்னா கையெழுத்துப் போடுங்க." லூர்துராணி அப்போது போனில் மருந்துக்கடைக்காரனை விரட்டிக்கொண்டிருந்தாள். தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்தைக் கிறுக்கினாள்.

மூன்றாவது அமர்வில் அறிக்கை வந்தது. நான்கு பக்கம். நேரம் தவற மாட்டார், மருந்து விவரம் விரல் நுனியில், நோயாளிக்காக டாக்டர்களோடும் சண்டை போடுவார் என்றெல்லாம் முதல் இரண்டு பக்கத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. 'தப்பு நடந்துட்டா நாங்க முதல்ல நோயாளியைப் பார்க்கிறதில்ல. மேட்ரன் எங்க நிக்கிறாங்கன்னு பார்க்கிறோம்.'

லூர்துராணி அதை இரண்டு முறை படித்தாள். காது மடல் சுட்டது.

"யாரு சொன்னது இது?"

"அது சொல்ல முடியாது."

"நான் கண்டுபிடிச்சுக்குறேன்."

"கண்டுபிடிக்க வேண்டியது அது இல்ல மேடம்."

"உங்க வேலை கேள்வி கேக்குறது. என் வேலை இந்த ஆஸ்பத்திரிய நடத்துறது. அதுல தலையிடாதீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தைரியராஜிடம் அந்த வரியைச் சொல்லிப் பொருமினாள். அவர் ரசம் ஊற்றிக்கொண்டே, "என்கிட்ட கேட்டிருந்தா நானும் ரெண்டு வரி எழுதிக் குடுத்திருப்பேன்" என்றார். அப்புறம் இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை.

அவளுக்குச் சந்தேகமே இல்லை, அது லிசிதான். வையம்பட்டிப் பெண், ஐ.சி.யூ-வில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் ஒருவருக்கு இன்சுலின் கொடுக்க நாற்பது நிமிஷம் தாமதமாகிவிட்டது. அன்றைக்கு லூர்துராணி அவளை வராண்டாவில் நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகளை லிஃப்டில் வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அந்த வஞ்சத்தைத்தான் இப்படித் தீர்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை டூட்டி லிஸ்ட்டில் லிசியின் பெயர் ஐ.சி.யூ-வில் இல்லை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி அடுக்கும் அறைக்கு மாற்றப்பட்டிருந்தாள். அங்கே நோயாளி முகமே கிடையாது. படித்த நர்ஸை அங்கே போடுவது என்றால் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

"மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்?" லிசி கதவருகே நின்று கேட்டாள்.

"எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு அதுவும் தெரியுமே."

லிசிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்பதாம் நாள் ராஜினாமா கொடுத்தாள். சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தாள். அனுபவச் சான்றிதழ் கேட்டபோது, லூர்துராணி அதைக் கையெழுத்துப் போடாமல் மேஜை இழுப்பறைக்குள் போட்டு வைத்தாள்.

நான்காவது அமர்வுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. லிசி வேலையை விட்ட செய்தி கேட்டு மஹ்ஜபீன் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"லிசியை ஏன் மேடம் மாத்துனீங்க?"

"நிர்வாகக் காரணம்."

"நீங்க கையெழுத்துப் போட்ட லிஸ்ட் இது. படிங்க." தாளை மேஜையில் வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. "மூணு வருஷத்துக்கு மேல சர்வீஸ் உள்ளவங்ககிட்ட மட்டும்தான் கேட்டேன். லிசி பேரு இதுல எங்க இருக்கு?"

லூர்துராணி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பன்னிரண்டு பெயர்கள். பதினைந்து வருஷமாகக் கூடவே உட்கார்ந்து சாப்பிடும் சீனியர் நர்ஸ் பேட்ரிசியா முதல் வரியில் இருந்தாள். லிசி இல்லை.

"அப்ப அந்த வரியை எழுதுனது யாரு?"

"இன்னமும் அதையே கேக்குறீங்களா? ஒரு ஆள் சொல்லல மேடம். பன்னெண்டு பேர்ல ஒம்பது பேர் சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. நான் ஒண்ணாச் சேர்த்து எழுதுனேன். அது என் வார்த்தை."

லூர்துராணி குனிந்து பேனாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நீங்க ஆள் தேடுவீங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. அப்பவே இதைச் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு தப்பிச்சிருக்கும். என் மேலயும் தப்பு இருக்கு. அல்லாஹ்கிட்ட அதுக்கு நான் பதில் சொல்லிக்குறேன். ஆனா உங்களை நான் சும்மா விடப் போறதில்ல. நடந்தது அத்தனையும் டாக்டருக்கு எழுதப் போறேன்."

"எழுதுங்க" என்றாள் லூர்துராணி. குரல் உடைந்து வந்தது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மத்திய பஸ் நிலையத்தில் திண்டுக்கல் பஸ் பிடித்து வையம்பட்டியில் இறங்கினாள். கைப்பையில் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருந்தது. வழி முழுக்க, ஊசியை மாற்றிப் போட்ட அந்தப் பழைய வார்டு நர்ஸின் முகம்தான் கண்ணில் நின்றது. அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று முப்பது வருஷமாகக் கோபப்பட்டாளே தவிர, அவள் யாருக்குப் பயந்தாள் என்று லூர்துராணி ஒரு நாளும் கேட்டதில்லை.

லிசியின் அப்பா செபஸ்தியான் வாசலிலேயே நிறுத்தினார். "உள்ள வாங்கன்னு கூப்பிட மனசு வரலைங்க. எம் புள்ள பத்து நாளு சோறு திங்கல."

லிசி வெளியே வந்தாள். சான்றிதழை வாங்கி முழுதாகப் படித்தாள்.

"அந்த வரியை நீ எழுதலைன்னு தெரிஞ்சுபோச்சு. உன்னை மாத்துனது தப்பு. திரும்ப ஐ.சி.யூ-வுக்கே வந்துடு."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா மேடம், கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

"நான் திண்டுக்கல்ல ஒரு ஆஸ்பத்திரில சேர்ந்துட்டேன். வர மாட்டேன்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் எழுதல. ஆனா என்கிட்ட கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

குடிக்கத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றாள்.

மறுநாள் எல்லா வார்டுப் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டாள். தப்பு நடந்தால் அன்றைக்கே இன்சிடென்ட் ஃபாரம் எழுத வேண்டும், எழுதினவளை யார் முன்னாலும் விசாரிக்க மாட்டேன், என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவேன் என்றாள். யாரும் நம்பவில்லை. மூன்று வாரம் ஒரு ஃபாரமும் வரவில்லை. நான்காவது வாரம் பஸீலா என்ற நர்ஸ் வந்து, ஒருவருக்கு ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுத்துவிட்டதாகக் கதவருகே நின்றபடியே சொன்னாள். லூர்துராணிக்கு வசவு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நோயாளி எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு மேடம். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"உக்காரு. எப்படி நடந்துச்சுன்னு சொல்லு."

மூன்றாம் மாதம் டாக்டர் அழகர்சாமி கூப்பிட்டுக் கத்தினார். "மாசம் ரெண்டு தப்பு இருந்த இடத்துல இப்ப பதினேழு! கோச்சிங் எடுத்த லட்சணமா இது?"

"முன்னாடியும் பதினேழுதான் டாக்டர். நமக்குத் தெரியாம இருந்துச்சு."

"போர்டுல போய் இதைச் சொல்ல முடியுமா?"

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் சொல்றேன்."

அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. மஹ்ஜபீன் சொன்னபடியே லிசி விஷயத்தை அவருக்கு எழுதியிருந்தாள், தன் தப்பையும் சேர்த்துத்தான். இரண்டு ஆஸ்பத்திரிக்குமான பதவி பேட்ரிசியாவுக்குப் போனது. லூர்துராணி அவளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தன் அறைக்கே போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். வார்டில் இன்னும் சில சமயம் அவள் குரல் உயரத்தான் செய்தது. இரண்டு பேர் எதிரே நின்றால் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டு, "ரூமுக்கு வா" என்று திரும்பி நடந்தாள்.

ஆறாவது அமர்வு முடிவில் மஹ்ஜபீன் ஒரு கருத்துப் படிவம் கொடுத்தாள். லூர்துராணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினாள்: 'நேரத்துக்கு வந்தார். வேலை தெரிந்தவர். எனக்கு இவரைப் பிடிக்கவில்லை. லிசி விஷயத்தில் இவர் மேலும் தப்பு இருக்கிறது.'

மஹ்ஜபீன் படித்துப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இருவரும் ஒன்றாகத்தான் அறையைவிட்டு வந்தார்கள். லிஃப்ட் வர நேரமானது. மஹ்ஜபீன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லூர்துராணி படிக்கட்டில் இறங்கிப் போனாள்.