சீந்தில் என்று கொதித்த கொடி

அக்கா வீட்டுக்காரருக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. போன ஆடியில் ஒரு நாள் அங்கே போயிருந்தேன். வாசலிலேயே கிடாய் வாடை முகத்தில் அடித்தது. பண்ணை வேலியிலிருந்து கொடி அறுத்து வந்து அண்டாவில் கொதிக்க விட்டிருந்தார் மாமா; வாடை அதிலிருந்துதான்.

“சீந்தில் கசாயம், சாமி. செல்போனுல பாத்தேன். எந்தச் சீக்கும் அண்டாது. ஆளுக்கொரு டம்ளர் குடிங்க.”

மிச்சமிருந்த கொடியை எடுத்துப் பார்த்தேன். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். இலை இதய வடிவம்தான், அதில்தான் ஏமாந்திருக்கிறார். ஆனால் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருந்தன. சீந்திலுக்கு மாறிமாறித்தான் வரும். தண்டெல்லாம் சுணை. காம்பைக் கிள்ளியதும் வெள்ளைப் பால் விரலில் பிசுபிசுவென்று வழிந்தது.

“மாமா, இது வேலிப்பருத்திங்க. சீந்திலுக்குப் பால் வராதுங்க. குடிச்சா வாந்திதான் வரும்.”

“படிச்சவங்களுக்கு எதுலயும் ஒரு நொட்டை,” என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். அக்கா கையிலிருந்த டம்ளரை நான் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினேன்.

சோற்றில் கை வைக்கும்போதே அவருக்குக் குமட்டியது. எழுந்து போவதற்குள் கூடத்திலேயே வாந்தி எடுத்துவிட்டார். பச்சையாக, நுரையோடு. அக்கா அள்ளினாள், நான் தண்ணீர் ஊற்றினேன். மாமா கட்டிலில் சாய்ந்தபடி சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார்.

“உடம்புல இருக்கற கெட்டதெல்லாம் வெளிய வருதுங்க. எல்லாரும் குடிங்க.”

வாந்தியைவிட அந்தக் குரல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. பால் வடியும் தண்டைப் படம் எடுத்து, ‘இது சீந்தில் இல்லை, குடிக்காதீர்கள்’ என்று அதே குழுவில் போட்டேன். அன்றோடு அவர் என்னிடம் பேச்சை நிறுத்தினார்.

சாயங்காலம் அக்கா கேட்டாள், “நெசமான சீந்தில் எப்பிடித்தான் இருக்கும்?”

வேலியோரம் கூட்டிப்போனேன். வேப்பமரத்தில் ஏறியிருந்தது. கட்டை விரல் பருமன். தாள் போல உரியும் தோல், கீறினால் உள்ளே பச்சை. மேலிருந்து நூல் நூலாக வேர்கள் தொங்கின. அவற்றில் ஈரமான கோழி இறகுகள் ஒட்டியிருந்தன. அடியில் செத்த கோழிகளின் குவியல், ஈ, புழு. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இத வேற காச்சிக் குடிக்கோணுமா?” என்றாள். திரும்பிவிட்டோம்.

இப்போதும் குழுவில் யாராவது காய்ச்சல் என்றால், மாமா அந்தக் குரல் பதிவையே மறுபடி அனுப்புகிறார். கீழே கும்பிடு போட நாலு பேர் இருக்கிறார்கள்.