போனவர்களின் பெயர்

இன்று மெட்டுகுடாவில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. மாயங்கள் நிறைந்த ஒரு குடும்ப நாவலைப் பற்றிக் காவ்யா பேசினாள்.

"தலைமுறைக்கு ஒருத்தர் வீட்டை விட்டுப் போறாங்க. அவர் திரும்பி வரணும்னு அடுத்த குழந்தைக்கு அதே பேர் வெக்கிறாங்க. அவனும் போயிடறான். இதான் திரும்பத் திரும்ப வர்ற தீம்."

"இது எப்பதாம்மா நிக்கும்?" என்று கேட்டேன்.

"நிக்காது ஆன்ட்டி, அதான் அழகே. எதுக்கு இவ்ளோ டென்ஷன்?"

என் மாமனார் வேதாசலம் வீட்டை விட்டுப் போனவர். என் மகனுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்தோம். ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டுக்குப் போனவன் நான்கு நாளாக வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். போலீசில் சொல்லியாயிற்று. வீட்டில் உட்கார முடியாமல்தான் கூட்டத்துக்கே போனேன்.

போனவன் திரும்பி வருகிற நாவல் எதையாவது படித்திருந்தால் சொல்லுங்கள். சுமாராக எழுதியிருந்தாலும் பரவாயில்லை.